என் கைக்கு எட்டாத மான்

மேற்கணக்கு லயத்தின் வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் அக்கரையில், இந்தியாவில் இருக்கிறீர்கள். சிலர் வத்தளையிலும் வவுனியாவிலும் பேரப்பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிறீர்கள். சிலர் போய்ச் சேர்ந்தும் விட்டீர்கள். மிச்சமிருப்பவர்களுக்கு என் முகம் மறந்திருக்கலாம். "சாம்பக்காரர் மகள்" என்றால் உடனே தெரிந்துவிடும். அந்தப் பெயரை என் அப்பாவுக்கு வைத்தது நீங்கள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரைக்கும் அவர் காதுபடவே கூப்பிட்டீர்கள். உங்களைக் கோபிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நீங்கள் வாய்விட்டுக் கூப்பிட்டீர்கள், நான் மனத்துக்குள் கூப்பிட்டேன். நீங்கள் இரண்டு மூன்று வருடத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை.

அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த எழுத்து. அப்பா பொய்யரா இல்லையா, அவ்வளவுதான் விஷயம். தையல்காரிக்கு எழுத வருமா என்று சிரிக்காதீர்கள். நம் வாத்தியார் அடித்த அடிக்கு இவ்வளவாவது வராமல் போகுமா?

பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற வருடம் அது. கோதுமை மாவைக் கண்ணால் காண முடியாது. மரவள்ளிக்கிழங்கும் அவித்த பலாக்கொட்டையுமாக வயிற்றை ஏமாற்றினோம். எனக்கு ஒன்பது வயது. எந்நேரமும் பசி, எந்நேரமும் மழை. கொக்கோத் தோலை உடைத்து உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோமே, அந்தப் புளிப்பு இப்போதும் நாக்கில் வருகிறது.

பலாபத்வலையிலிருந்து நம் தோட்டத்துக்கு ஏறினால் முதலில் கொக்கோ, அதற்கு மேல் தேயிலை, அதற்கும் மேல் மானாப்புல்லும் பாறையும். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் சாய்த்து வெட்டும் கை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று லயம் முழுக்கப் பெயர். கோழி யாருடையது என்று சண்டை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவீர்கள். ஒருமுறை நாங்கள் எங்களுடையது என்று நினைத்து வளர்த்த சேவலையே, "இல்ல, இது பக்கத்துக் காம்பிராவுது, கால்ல அடையாளம் இருக்கு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. இதை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அப்படிப்பட்டவரைத்தான் நாம் அப்படிக் கூப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். முழுக்க நனைந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"வெறகு எங்க? ஒடம்ப நனைச்சிக்கிட்டு வர்றதுக்கா போனீங்க?"

"மழைக்குப் பாறைக்கு அடியில ஒதுங்குனேன். அங்க செவுத்துல என்னமோ எழுதியிருக்கு. அதயே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

"எழுதியிருந்தா ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமாக்கும்!"

அப்பா சிரித்தார். அவருக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பார். அவருடைய பெருவிரல் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து அகன்று போயிருக்கும். கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த ஆளின் பெயர்மேல் அந்த ரேகை ஏறி நிற்கும்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மானாப்புல் முகத்தைக் கீறியது. பாறை முன்பக்கம் கூரை மாதிரி நீண்டு, கீழே பத்துப் பேர் நிற்கும் அளவுக்குக் காய்ந்த இடம் இருந்தது. வௌவால் எச்சத்தின் வாடை. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா என் தலையைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார். அப்போது தெரிந்தது. வெள்ளையாக, பால் காய்ந்த கறை மாதிரி, கோடுகள். வில் பிடித்த ஒரு மனிதன். யானை மேல் ஒருவன். ஆமையோ உடும்போ என்று தெரியாத ஒன்று. வரிசையாகப் புள்ளிகள். எல்லாம் விரலால் இழுத்தவை.

அப்பா சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியில் லேசாக வைத்து, மோந்து பார்த்தார்.

"சாம்ப, புள்ள. சாம்பலத்தான் கொழச்சிருக்கான்."

இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதை வைத்துத்தான் நான் அவருக்குத் தீர்ப்பு எழுதினேன்.

பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். மேலே, பாறை வளைந்து கூரையாகும் இடத்தில், ஒரு மான் இருந்தது. ஓடுகிற மான் இல்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கும் மான். வயிற்றுக்குள் இன்னொரு சின்ன மான் வரைந்திருந்தது.

"செனை மான்," என்றார் அப்பா. "எழுதுனவன் நல்லாப் பாத்துருக்கான். வேட்டைக்குப் போனவன் அடிக்காம திரும்பியிருப்பான், அதத்தான் எழுதி வச்சிருக்கான்."

"யாருக்குப்பா எழுதுனான்?"

"தெரியல புள்ள. ஆனா நம்மள மாதிரி ஆளுதான். எழுத்துத் தெரியாதவன் எழுதுன கடுதாசி இது. யாரு கையில சேரணுமோ."

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். அப்பா குந்தி உட்கார்ந்து பார்ப்பார். வெற்றிலையைக்கூட வெளியே போய்த்தான் துப்புவார். வீட்டில் அதிகம் சிரிக்காத மனிதர், அங்கே அவர் முகம் வேறாக இருக்கும். என் வாழ்க்கையில் நான் அப்பாவோடு சந்தோஷமாக இருந்தது அந்த ஆறேழு ஞாயிறுகள்தான். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

அவர்தான் வாத்தியாரிடம் சொன்னார். நம் வாத்தியாருக்கு இழுப்பு நோய், மலை ஏற முடியாது. இருந்தாலும் அப்பாவின் பேச்சை நம்பி, அப்பா சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதி, "இத்தொழிலாளி உண்மையே பேசுபவர், இதற்கு நான் பொறுப்பு" என்று கடைசியில் சேர்த்துக் கொழும்பிலுள்ள தொல்பொருள் இலாகாவுக்குக் கடிதம் போட்டார். அதை எங்கள் வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டினார். பெஞ்சில் என் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். "உண்மைன்னு எழுதிட்டாங்கன்னா கொட்டகை போட்டு ஒன்னையேதான் காவலுக்கு வைப்பாங்க" என்று அப்பாவிடம் சொன்னார் வாத்தியார். அப்பாவுக்குக் காவல் வேலையில் ஆசையா என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் வந்து பார்த்து, ஆமாம் இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் போதும் போலிருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் வருகிறார்.

நம் லயத்தில் ஆள் வருகிறதென்றால் என்ன செய்வோம்? அம்மா எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவைச் சாணி போட்டு மெழுகினாள். முன்சுவரில் வெள்ளை அடித்தாள். சாமிப் படத்தைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்தாள். என்னிடம், "சாமான் எல்லாத்தயும் தொலக்கி வை. ஒரு சொட்டுக் கரி இருக்கப்படாது" என்றாள். தேங்காய்ப் பொச்சில் சாம்பலைத் தொட்டுப் பீலிக்கரையில் உட்கார்ந்து துலக்கினேன். கரி பிடித்த சட்டியின் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக வெளிச்சம் வரும்போது ஒரு பெருமை வருமே, அந்தப் பெருமை எனக்கும் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா பாறைக்குப் போய் வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஈரத்துல மங்கிக் கெடக்குது. எனக்கே தேடித்தான் தெரியுது. தொரமாரு நின்னு பாப்பாங்களா? ஒண்ணுமில்லன்னு போயிருவாங்களோன்னு இருக்கு."

அம்மா, "பாக்குறவங்க பாப்பாங்க, பேசாம சாப்புடுங்க" என்றாள். அவர் சாப்பிடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை அவர்கள் இருவரும் பெரட்டுக்குப் போனதும், அடுப்பில் ஆறிய சாம்பலை ஒரு சிரட்டையில் அள்ளினேன். பொச்சை எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். வழியெல்லாம் அப்பா என்னைத் தூக்கிச் சுற்றுவது மாதிரி நினைத்துக்கொண்டே ஏறினேன்.

பாறையில் கசிந்து வந்த தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முதலில் தேய்த்தேன். பாசியும் தூசியும் போனது. பழைய கோடுகளும் கலைந்து வந்தன. எனக்குப் பயமில்லை. சட்டியைத் துலக்கும்போதும் முதலில் எல்லாம் கலங்கித்தானே வரும்? எந்தக் கோடு எங்கே என்று மனப்பாடமாகத் தெரியும். சிரட்டையில் சாம்பலைக் குழைத்து, விரலால் ஒவ்வொன்றாக மறுபடி இழுத்தேன். வில்காரன். யானை. ஆமை. புள்ளிகளைக்கூட எண்ணி வைத்தேன். மானுக்கு மட்டும் கை எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தேன், கல்லை அடுக்கி ஏறிப் பார்த்தேன். கல் சரிந்து முழங்காலைச் சிராய்த்ததுதான் மிச்சம். போகட்டும் என்று விட்டுவிட்டேன். விலகி நின்று பார்த்தபோது நேற்று வரைந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாதி வழியில்தான் சிரட்டையையும் பொச்சையும் அங்கேயே விட்டது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. திரும்பிப் போகவில்லை.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். கொடுமைக்காரர் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவர் அப்படியில்லை. வாத்தியார் அன்றைக்குக் கோட்டுப் போட்டிருந்தார். இழுப்போடு நின்று நின்று அவரும் மலை ஏறினார், தமிழையும் சிங்களத்தையும் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டுமே. அப்பா முன்னால் போனார். பின்னால் நாம் எல்லோரும், ஒரு பள்ளிக்கூடமே. அதிகாரியின் சப்பாத்துக்குள் அட்டை ஏறி அவர் ஐந்து தடவை நின்றார். நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பாறையடிக்கு வந்ததும் அப்பா நின்றுவிட்டார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கீழே ஒரு மூலையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மூலையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் கவுனின் ஓரத்தை, என் விரல்களை. உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வில்காரனின் காலை விரலால் தொட்டார். சாம்பல் உதிர்ந்து அவர் சட்டைக் கையில் விழுந்தது. அவர் வாத்தியாரிடம் சிங்களத்தில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. "ஈயே பெரேதா" என்றார். நேற்று முந்தாநாள் வேலை.

வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று.

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. பழைய சித்திரம் இருந்து அதை யாராவது தேய்த்து அழித்திருந்தால் அது பெரிய குற்றம், பொலிசுக்குப் போகும், பிள்ளைகளைக்கூட விசாரிப்பார்கள் என்றார். ஒன்றுமில்லாத பாறையில் விளையாட்டுக்கு வரைந்திருந்தால் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "பிள்ளைகளில் யாராவது இங்கே வந்தீர்களா?" என்று கேட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான்தான் தொர," என்றார் அப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"முன்ன இங்க ஒண்ணும் இல்ல தொர. எல்லாமே நான்தான் சாம்பலக் கொழச்சு வரைஞ்சேன். புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி தாளை எடுத்து எழுதினார். கைநாட்டு வைக்க மை நீட்டினார். அப்பாவின் பெருவிரல் ஊதா நிறமாகி அந்தத் தாளில் பதிந்ததை நான் பார்த்தேன். வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே, "என் மானத்த வாங்கிட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் அப்பாவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். குளிர்மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் இறங்கினார்கள். அப்பா துண்டில்லாமல் வெற்றுடம்போடு அங்கேயே நின்றார். "நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்றார்.

சாயங்காலம் பார்த்தால் சிரட்டை அடுப்படியில், கழுவிக் கவிழ்த்து, வழக்கமான இடத்தில் இருந்தது. பொச்சும் இருந்தது. நானேதான் எடுத்து வந்திருப்பேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வசதி என்று ஏன் சொல்கிறேன்? மலை இறங்கும்போது என் மனம் என்ன கணக்குப் போட்டது தெரியுமா? எல்லாம் நான்தான் வரைந்தேன் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அப்படியானால் நான் துலக்கிய பழைய கோடுகளும் அவர் வரைந்தவைதான். இல்லாவிட்டால் முதல் நாளே சாம்பல் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? என்னைத் தோளில் தூக்கி ஏமாற்றியிருக்கிறார். எழுத்துத் தெரியாதவன் எழுதிய கடிதமாம்! அவரே எழுதிவிட்டு எனக்கே கதை சொல்லியிருக்கிறார். ஆகவே நான் எதையும் அழிக்கவில்லை. என்மேல் குற்றமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! அந்த விடுதலையை ஐம்பது வருடம் நான் கைவிடவில்லை.

மறுநாளே நீங்கள் சாம்பக்காரர் என்று தொடங்கிவிட்டீர்கள். கோழிச் சண்டைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. "வெறகுக்கு வர்றியா புள்ள?" என்று ஒரு ஞாயிறு கேட்டார். "வரல" என்றேன். மறுபடி கேட்கவில்லை. பள்ளிக்கூட அறிக்கையில் அவருடைய கைநாட்டு வேண்டாம் என்று அம்மாவைக் கோணல்மாணலாகப் பெயர் எழுதப் பழக்கினேன். அந்தப் பெருவிரலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கல்யாணமாகி அலுவிகாரைக்கு வந்தேன். ரோட்டோரம் ஒரு தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் அதிகம். அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்து பின்னறையில் இருந்தார். நேரத்துக்குச் சோறு, மருந்து, துவைத்த சாரம் எல்லாம் கொடுத்தேன். பிரியத்தைத்தான் கொடுக்கவில்லை. கடைசி வாரம், நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார். விரல் நுனிகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த மான் மட்டும் பொழச்சிருச்சு புள்ள," என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "போதும்ப்பா. சாகப்போற நேரத்துலயுமா அந்தப் பொய்?" என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு பெரிதாகப் பேசவில்லை. அது நடந்து இருபது வருடம் ஆகிறது.

போன மாதம் கெம்பஸில், பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண் பிள்ளை கடைக்கு வந்தது. மாத்தளை டவுனிலிருக்கும் முஸ்லிம் பிள்ளை, கழுத்தில் கெமரா. சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறது என்று நாடாவை எடுத்தேன்.

"ஆன்ட்டி, பலாபத்வல தோட்டத்துல சாம்பக்காரர்னு ஒருத்தர் இருந்தாராமே. அவர்ட மகள் நீங்களா?"

பாருங்கள், நீங்கள் வைத்த பெயர்தான் அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியிருக்கிறது. வெடுக்கென்று, "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்றேன். அது பயப்படவில்லை. யட்டவத்தைப் பக்கத்துப் பாறைகளையெல்லாம் ஒரு வருடமாகத் தேடிப் படம் பிடிக்கிறதாம். பழைய கோப்பு ஒன்றில் நம் பாறையைப் பற்றிப் "போலி" என்று எழுதியிருக்கிறதாம். போலியாக இருந்தாலும் பார்ப்போம் என்று போனதாம்.

"நீங்க ஒருக்கா வந்து பாக்கணும் ஆன்ட்டி. எனக்கு ஒண்ணு வெளங்குதில்ல."

முழங்கால் ஒத்துழைக்காது என்றேன். வாகனம் பாதி வழிக்குப் போகும், மிச்சத்துக்கு நான் பிடிக்கிறேன் என்றது. பிடிவாதக்காரி. போனேன். கொக்கோ இல்லை, இப்போது மிளகுக் கொடிகள். நம் லயம் இருந்த இடத்தில் இரண்டு புது வீடுகள். மானாப்புல் மட்டும் அப்படியே முகத்தைக் கீறியது.

பாறையடியில் என் வேலை திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வில்காரனின் பாதி, யானையின் முதுகு. நான் அதைப் பார்க்காமல் நின்றேன். பிள்ளை ஒரு சிறு திரையை என் முன்னால் நீட்டியது. கண்ணுக்குத் தெரியாத நிறங்களையும் அது பிரித்துக் காட்டுமாம்.

"கீழ இருக்கிறது போலிதான் ஆன்ட்டி, அந்தக் கோப்புல எழுதினது சரி. ஆனா அதுக்கு அடியில பாருங்க, பாறையில சுரண்டின தடம். யாரோ பொச்சு போட்டுத் தேச்சிருக்காங்க. முந்தி அங்க என்னமோ இருந்திருக்குது. இனி அத எடுக்கவே ஏலாது. இப்ப மேல பாருங்க."

திரையில் மான் எழுந்து வந்தது. கழுத்தைத் திருப்பி நின்றது. வயிற்றுக்குள் குட்டி.

"இதுக்கு மேல பாறையே ஒரு தோல் போட்டிருக்குது. தண்ணி கசிஞ்சு கசிஞ்சு உப்புப் படிஞ்சது. அந்தத் தோலுக்கு உள்ளுக்குத்தான் மான் இருக்குது. ஒரு மனுசன்ட ஆயுசுல இப்படிப் படியாது. எவ்வளவு பழசுன்னு சோதிச்சுத்தான் சொல்லணும், ஆனா இது போலியில்ல. இந்தக் காட்டுல இருந்த வேடர் கீறினது."

நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வெளங்காதது இதுதான்," என்று பிள்ளை கோப்பின் பிரதியை எடுத்தது. சிங்களத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தது. முன்பு இங்கே ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் நானே சாம்பலால் வரைந்தேன். கீழே ஊதா நிறத்தில் அந்தப் பெருவிரல். கோடு போட்ட இடத்துக்குள் அடங்காமல், அதிகாரியின் எழுத்துமேல் ஏறி நின்றது.

"இந்த விரலப் பாருங்க, எவ்வளவு அகலம்! கீழ இழுத்திருக்கிற கோடு இதுல பாதி கூட இல்ல. அதோட பாருங்க, தேச்சது எல்லாம் இந்த உயரத்தோட நிண்டிருக்குது. பெரிய மனுசன் செஞ்சிருந்தா மேலயும் எட்டியிருக்குமே. அப்ப இது யாரு ஆன்ட்டி? உங்கட அப்பா ஏன் தான்தான்னு சொன்னாரு?"

தேய்த்த தடம் ஒரு கோடு போட்டதுபோல நின்றிருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினால் எங்கே எட்டும் என்று நாடா இல்லாமல் சொல்வேன். அங்கேதான் எட்டியிருந்தது.

துண்டு நினைவுக்கு வந்தது. அந்த மூலையில் அவர் போட்ட துண்டு. அதற்குக் கீழே என் சிரட்டை. குளிரில் வெற்றுடம்போடு, எல்லோரும் இறங்கும்வரை அவர் காவல் நின்றது. அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. பழையது இருந்தது என்று சொல்லியிருந்தால் அழித்தது யார் என்று தேடுவார்கள். அதனால் இருந்ததையே இல்லை என்று சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை எனக்காகச் சொன்னார். பிறகு அதை அவிழ்த்தால் நான் உடைந்துபோவேன் என்று என் வெறுப்பையும் சேர்த்துச் சாகும்வரை சுமந்தார். கடைசியில், எல்லாவற்றையும் நீ அழித்துவிடவில்லை புள்ள, ஒன்று பிழைத்திருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். நான் சொன்ன பதிலை மேலே எழுதிவிட்டேன். இரண்டாம் முறை எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி, என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அப்பா எதையும் வரையவில்லை, எதையும் அழிக்கவில்லை, அழித்தது நான் என்று எழுதி, பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெமராவைப் பெட்டியில் வைக்கப் போனது.

ஆகவே, மிச்சமிருக்கிற உங்களிடம் கேட்கிறேன். எங்காவது கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ பழைய பேச்சு எழும்பி அவர் நினைவு வந்தால், கவ்வாத்துக்காரர் என்று சொல்லுங்கள். சேவலைத் தூக்கிக் கொடுத்தவர் என்று சொல்லுங்கள். அந்தப் பெயரை மட்டும் வேண்டாம். அதை யாருக்காவது வைத்தே ஆகவேண்டும் என்றால் எனக்கு வையுங்கள்.

இறங்குவதற்கு முன்னால் மானுக்கு நேர்கீழே போய் நின்றேன். திரை இல்லாமல், தலையைச் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. இப்போது கையை நீட்டினால் எட்டும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆமாப்பா, பொழச்சிருச்சு," என்றேன்.

பின்னால் பெட்டியை மூடிக்கொண்டிருந்த பிள்ளை தன்னிடம்தான் பேசுகிறேன் என்று நினைத்து, "என்ன ஆன்ட்டி?" என்று கேட்டது.

ஒன்றுமில்லை என்றேன்.